மஞ்சள் கடுதாசி கொடுப்பதற்கு முன்

கேள்வி:

எனக்கு வயது 47. ஆந்திரத்தில் நகரியை ஒட்டிய ஏகாம்பரகுப்பத்தில் 8 விசைத்தறிகள் வைத்திருக்கிறேன். ஒன்றரை ஆண்டாகச் சரக்கு நகரவில்லை. இப்போது 3 தறிகள்தான் ஓடுகின்றன, அதுவும் கூலிக்கு. வீட்டையும் தறிகளையும் ஈடு வைத்து வாங்கிய வங்கிக் கடனில் 9,20,000 ரூபாய் பாக்கி. மாதத் தவணை 24,500. நான்கு தவணை கட்டவில்லை. தனியார் நிதி நிறுவனத்தில் தனிநபர் கடன் 2,40,000. கிரெடிட் கார்டில் 85,000. நூல் வியாபாரிக்கு 3,10,000. நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த இரண்டு காசோலைகள் அவரிடம் இருக்கின்றன. உறவினர் இருவரிடம் கைமாற்று 2,00,000.

வங்கிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர் திருத்தணியில் ஆசிரியராக இருக்கும் என் மனைவியின் அண்ணன். அவர் வீட்டுக் கடன் கேட்டுப் போனபோது, சிபில் என்கிற கடன் வரலாற்று அறிக்கையில் என் கடனைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டுப் படி ஏறுவதில்லை.

தெரிந்தவர் ஒருவர், "ஐ.பி. (திவால் மனு) போட்டுவிடு, எல்லாக் கடனும் தீர்ந்துவிடும். அதற்கு முன் வீட்டை மனைவி பெயருக்கு மாற்று. பள்ளிப்பட்டு மனையைக் காட்டாதே, அது தமிழ்நாடு, இங்கே யாருக்குத் தெரியப்போகிறது" என்கிறார். அந்த 5 சென்ட் மனை 2016ல் அம்மா எனக்கு எழுதிக் கொடுத்தது. 9 லட்சம் வரை போகும். இன்னொருவர், "ஐ.பி. போட்டால் 10 ஆண்டுக்கு எந்த வங்கியும் வாசலில் சேர்க்காது" என்று பயமுறுத்துகிறார். மகன் இண்டர் இரண்டாம் ஆண்டு (பிளஸ் டூ) படிக்கிறான். மனைவிக்கு டுவாக்ரா என்கிற மகளிர் சுயஉதவிக் குழுவில் 60,000 கடன் உண்டு. அதை மட்டும் தவறாமல் கட்டிவருகிறார். நான் ஐ.பி. போடலாமா? என் பெயர் எத்தனை ஆண்டு கெட்டுக் கிடக்கும்? மகனுக்குக் கல்விக் கடன் கிடைக்குமா? ஜெயிலுக்குப் போக நேருமா?

பதில்:

ஐ.பி. போட வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் எண்களை ஒரு தாளில் இறக்கிக் கூட்டிப் பார்த்த பிறகே இதைச் சொல்கிறேன். மொத்தக் கடன் 17,55,000 ரூபாய். வீடும் தறியும் ஈடாக நிற்கும் வங்கிக் கடனைக் கழித்தால் மிச்சம் 8,35,000. உங்கள் பக்கத்திலோ வீடு இருக்கிறது, தறிகள் இருக்கின்றன, யாருக்கும் ஈடு வைக்காத மனை ஒன்று இருக்கிறது. ஈடில்லாத கடன் முழுவதையும் அந்த ஒரு மனையே ஏறக்குறைய தாங்கும். கை வறண்டு நிற்பது ஒன்று, நொடித்துப்போவது வேறொன்று. உங்களுக்கு நேர்ந்திருப்பது முதலாவது. கடனை அடைக்க வழியில்லை என்று மனுவில் எழுதிக் கையெழுத்திட்டால், முதல் விசாரணையிலேயே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த மனையைப் பற்றித்தான் கேட்பார். மனு தள்ளுபடியாவதற்கே வாய்ப்பு அதிகம்.

நம் எல்லைப் பக்கத்தில் தெலுங்கில் "ஐ.பி. பெட்டாடு" என்கிறார்கள், தமிழில் "மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்" என்கிறார்கள். காகிதம் கொடுத்த அன்றைக்கே கடன் செத்துவிடுகிறது என்ற நம்பிக்கை இரண்டு பேச்சிலும் இருக்கிறது. அது உண்மையில்லை. உங்களைப் போன்ற தனிமனிதருக்கு இன்றைக்கும் பொருந்துவது 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்தின் நீதிமன்றத்தில்தான் மனுப் போட முடியும். ஆகவே கடன் கொடுத்தவர்கள் திருத்தணியில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் உங்கள் மனு சித்தூர் மாவட்டத்தில்தான் நிற்கும். கடன் 500 ரூபாய் இருந்தாலே மனுப் போடலாம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. நூறு ஆண்டுக்கு முந்தைய 500 ரூபாய். மனுவில் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், உங்களுக்கு என்னென்ன சொத்து, எங்கே இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். கணக்குப் புத்தகங்களையும் ஒப்படைக்க வேண்டும். கடன் கொடுத்த அத்தனை பேருக்கும் நோட்டீஸ் போகும். விசாரணை முடிந்து நீங்கள் நொடித்தவர் என்று ஆணை பிறந்தால், அது அரசிதழில் வெளியாகும். உங்கள் சொத்து நீதிமன்றத்தின் கைக்கோ அது நியமிக்கும் ரிசீவரின் கைக்கோ போய்விடும். அவர் விற்றுப் பங்கு பிரிப்பார். அதன் பிறகு, நீதிமன்றம் குறித்த கெடுவுக்குள் நீங்களே இன்னொரு மனுப் போட்டு விடுவிப்பு ஆணை கேட்க வேண்டும். கடன் உண்மையில் தீர்வது அந்தக் கடைசி ஆணையில்தான்.

அந்தக் கடைசி ஆணை வரை போகிறவர்கள் மிகச் சிலர். 19 ஆண்டுகள் வங்கியின் கடன் பிரிவில் இருந்துவிட்டு வழக்கறிஞரானவன் நான். தொழில் தொடங்கிய புதிதில் ஒரு பெரியவர் வந்தார். மடியில் துருப்பிடித்த தகரப் பெட்டி. அதற்குள் மஞ்சளாகிப்போன நீதிமன்றக் காகிதங்களை ஆண்டுவாரியாக நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தார். 12 ஆண்டுக்கு முன் ஐ.பி. போட்டிருக்கிறார், நொடித்தவர் என்று ஆணையும் வாங்கியிருக்கிறார். "முடிந்துவிட்டது" என்று யாரோ சொல்ல, பெட்டியை மூடிவிட்டார். விடுவிப்புக்கு மனுப் போடவே இல்லை. கெடு தாண்டியதும் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்துவிட்டது. சட்டத்தின் 43ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ரிசீவர் விற்ற நிலம் விற்றதுதான். மிச்சக் கடனுக்கு வட்டியோடு ஆள் வந்து நின்றது. பெட்டியின் அடியில் கிடந்த ரத்து ஆணையை நான் எடுத்துப் படித்துக் காட்டியபோது அவர் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும், ஆனால் தமிழ்தான் தெரியும்.

விடுவிப்பு கேட்டாலும் எளிதில் கிடைத்துவிடாது. ஈடில்லாத கடனில் ரூபாய்க்கு 50 காசாவது தேறும்படி உங்கள் சொத்து இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால், அது உங்கள் தவறால் நேரவில்லை என்று காட்ட வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு ஒழுங்கான தொழில் கணக்கு வைத்திருக்க வேண்டும். தறிக்காரர்களில் எத்தனை பேர் நோட்டுப் போட்டு எழுதுகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். விடுவிப்பு கிடைத்த பிறகும் அரசுக்குத் தர வேண்டிய பாக்கியும் மோசடியில் வந்த கடனும் ஜீவனாம்சமும் தீராது. உங்களோடு கூட்டாகக் கடன் வாங்கியவரும் ஜாமீன் போட்டவரும் விடுபட மாட்டார்கள். முக்கியமாக, ஈடு பிடித்த வங்கியை ஐ.பி. தொடவே தொடாது. வாராக்கடனான கணக்குக்கு சர்ஃபாசி சட்டத்தின்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வீட்டை எடுக்க வங்கிக்கு இருக்கும் உரிமை அப்படியே இருக்கும். ஆக, நீங்கள் ஐ.பி. போட்டால் வீட்டுக்கும் பாதுகாப்பில்லை, மைத்துனருக்கும் விடிவில்லை, மனையும் ரிசீவரிடம் போய்விடும்.

இப்போது அந்தத் தெரிந்தவரின் யோசனைகளுக்கு வருகிறேன். அவை ஆபத்தானவை. வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கும்போது மனைவி பெயருக்கு மாற்றுவதால் வங்கியின் உரிமை இம்மியும் குறையாது. அதையும் மீறி எழுதிவைத்து, இரண்டு ஆண்டுக்குள் போட்ட மனுவில் நீங்கள் நொடித்தவராக அறிவிக்கப்பட்டால், விலை வாங்காமல் செய்த அந்த மாற்றத்தை ரிசீவர் கேட்டு நீதிமன்றம் செல்லாததாக்கிவிடலாம். ஐ.பி.யே போடாவிட்டாலும், கடன் கொடுத்தவரை ஏய்க்கச் செய்த மாற்றம் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடலாம். உங்கள் மனைவியையும் எதிர்வாதியாக நிறுத்துவார்கள். இத்தனை கஷ்டத்திலும் ஒரு தவணை தவறாத பெண்மணியின் பெயரை இதற்குள் இழுக்காதீர்கள்.

மனையை மறைப்பது அதைவிட மோசம். நகரியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பள்ளிப்பட்டு வேறு மாநிலமாக இருக்கலாம். சட்டத்தின் கண்ணுக்கு அது தூரமில்லை. தமிழ்நாட்டில் வில்லங்கச் சான்றை யார் வேண்டுமானாலும் இணையத்தில் எடுத்துவிடலாம். உங்கள் நூல் வியாபாரிக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்காதா? மனுவில் சொத்தை மறைப்பது ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். கடன் பாக்கிக்காக ஜெயிலுக்குப் போகாத நீங்கள் இந்த யோசனையைக் கேட்டுப் போக நேரும்.

ஐ.பி. யாருக்கும் உதவாது என்று நான் சொல்லவில்லை. விற்க எதுவும் மிஞ்சாத நிலையில், தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லிப் பத்துப் பேர் பத்து நீதிமன்றத்தில் நிற்கும்போது, நேர்மையாக எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து நீதிமன்றத்தின் நிழலில் ஒதுங்குவதில் எந்த அவமானமும் இல்லை. உடுக்கும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை, கைத்தொழிலாளியின் கருவிகள், பெண்ணின் கழுத்துத் தாலி ஆகியவற்றை ரிசீவரும் தொட முடியாது. 2016ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தில் ஏழைக் கடனாளிக்கென்றே ஒரு வழி எழுதப்பட்டது. ஆண்டு வருமானம் 60,000, சொத்து 20,000, கடன் 35,000 ரூபாய் என்ற வரம்புகளைத் தாண்டாத, சொந்த வீடில்லாதவர் புதிதாகத் தொடங்க அது இடம் தருகிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் தனிமனிதர் பகுதி, 2019 டிசம்பர் 1 முதல், நிறுவனங்களின் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்தது. தறிக்காரனுக்கும் பெட்டிக்கடைக்காரனுக்கும் உரிய கதவு காகிதத்தில் இருக்கிறது, திறக்கவில்லை. கம்பெனி கடன்களுக்குக் கெடு வைத்து வேகம் காட்டிய நாடு, 35,000 ரூபாய் கடனாளியைக் காக்க வைத்திருப்பது எனக்கு ஆறாத வருத்தம்.

உங்கள் இரண்டாவது கேள்வி, பெயர் எத்தனை ஆண்டு கெட்டுக் கிடக்கும் என்பது. அந்த 10 ஆண்டுக் கணக்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே திவால் சட்டத்தின் ஏழாம் அத்தியாயத்தின் கீழ் மனுப் போட்டால், அந்தச் செய்தி 10 ஆண்டு வரை கடன் அறிக்கையில் நிற்கும். யாரோ அதைப் படித்துவிட்டு உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். நம் நாட்டில் ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். வங்கிகள் அனுப்பும் கணக்கு விவரம்தான் அவற்றின் அறிக்கையில் ஏறுகிறது. மதிப்பெண் 300க்கும் 900க்கும் இடையில் இருக்கும்.

இலவச அறிக்கை ஒன்றை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். ஒவ்வொரு கடனுக்குக் கீழும் மாதத்துக்கு ஒன்றாகக் கட்டங்கள் இருக்கும், 36 மாதம் வரை. ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் 000 என்றிருக்கும். தவறிய மாதத்தில் எத்தனை நாள் தாமதம் என்ற எண் இருக்கும்: 030, 061, 092 என்று. பழைய மாதங்களில் வரிசையாக நிற்கும் அந்தப் பூச்சியங்கள் நீங்கள் இத்தனை காலம் பட்ட பாட்டின் கணக்கு. கடைசி நான்கு கட்டங்கள்தான் உங்களைச் சுடுகின்றன. ஐ.பி. போட்டாலும் போடாவிட்டாலும் அவை ஏறிவிட்டன. 90 நாள் தாண்டியதால் வங்கிக் கணக்கு வாராக்கடன் ஆகியிருக்கும். இனி அந்தக் கணக்கின் எதிரில் கடைசியாக என்ன சொல் ஏறப்போகிறது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

கடனை முழுதாக அடைத்தால் "குளோஸ்டு" என்று ஏறும். பேசிக் குறைத்து ஒரு தொகையில் முடித்தால் "செட்டில்டு" என்று ஏறும். நிறுவனம் நம்பிக்கை இழந்து தன் கணக்கிலிருந்து கழித்துவிட்டால் "ரிட்டன் ஆஃப்". பிந்தைய இரண்டையும் பார்க்கும் அடுத்த வங்கி, இவர் ஒருவருக்கு முழுதாகத் தரவில்லை என்று படிக்கும். ஓ.டி.எஸ். என்கிற ஒருமுறைத் தீர்வுக்குப் போகிறவர்களிடம் முகவர்கள் இதைச் சொல்வதே இல்லை. அப்படித் தீர்வு செய்துகொண்டவருக்கு அதே நிறுவனம் குறைந்தது 12 மாதம் புதுக் கடன் தரக்கூடாது என்றும் ரிசர்வ் வங்கி 2023ல் சொல்லியிருக்கிறது. விவசாயக் கடனுக்கு இது பொருந்தாது. கடன் தகவல் நிறுவனங்கள் விவரங்களைக் குறைந்தது 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஆகவே ஐ.பி. போட்டு ஈடில்லாத கடன்கள் எல்லாம் கழிக்கப்பட்ட கணக்குகளாக நின்றால், உங்கள் மகன் படித்து வேலைக்குப் போன பிறகும் அவை அறிக்கையில் இருக்கும். இன்னொன்றும் உண்டு. விடுவிப்பு பெறாத நொடித்தவர், தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினாலே குற்றம். நூல் வாங்கும் ஒவ்வொரு கடையிலும் முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் கணக்கு வைக்க முடியும். தறித் தொழில் நடக்குமா?

மனையை விற்றுவிடுங்கள். அம்மா கொடுத்த மண் என்று மனம் வலிக்கும், தெரியும். ஆனால் ரிசீவர் விற்பதைவிட நீங்கள் விற்றால் நல்ல விலை வரும், அதை எப்படிப் பிரிப்பது என்பதும் உங்கள் கையில் இருக்கும். சந்தை விலைக்கு, வங்கி வழியாகப் பணம் வாங்கி விற்க வேண்டும். கறுப்பும் வெள்ளையுமாகப் பிரித்து எழுதச் சொல்பவருக்கு விற்க வேண்டாம். வருமான வரிக்கு ஒரு தொகை ஒதுங்கும். எவ்வளவு என்று திருத்தணியிலோ நகரியிலோ ஓர் ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வரும் பணத்தில் முதல் பங்கு நூல் வியாபாரிக்கு. காரணம் அந்தக் காசோலைகள். அவர் வங்கியில் போட்டுத் திரும்பினால், 30 நாளுக்குள் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பலாம். நோட்டீஸ் கிடைத்து 15 நாளுக்குள் நீங்கள் பணம் தராவிட்டால் குற்ற வழக்கு. இரண்டு ஆண்டு வரை சிறையோ காசோலைத் தொகையைப்போல் இருமடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஐ.பி. போட்டாலும் இந்த வழக்கு நிற்காது. இப்போதே அவரை நேரில் பாருங்கள், மனை விற்பனையைச் சொல்லுங்கள், முடிந்தால் ஒரு சிறு தொகையைக் கையில் கொடுத்து அதுவரை காசோலையைப் போடாமலிருக்கக் கேளுங்கள். முழுப் பணம் கொடுக்கும் அன்று காசோலைகள் உங்கள் கைக்கு வர வேண்டும், ரசீதும் வர வேண்டும்.

அடுத்தது வங்கித் தவணை பாக்கி 98,000. மனை விற்றுக் கைக்குப் பணம் வருவதற்குள் இன்னும் இரண்டு மூன்று தவணை சேரும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கில் இரண்டைக் கட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அசலிலும் வட்டியிலும் பாக்கி முழுவதும் கட்டினால்தான் வாராக்கடன் முத்திரை நீங்கும். 2021ல் ரிசர்வ் வங்கி இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. முத்திரை நீங்கிய மாதத்திலிருந்து உங்கள் மைத்துனரின் அறிக்கையும் சீராகத் தொடங்கும். ஜாமீன் போட்ட கடன் அவர் பெயரிலும் ஏறியிருப்பதால்தான் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். தன் சம்பளத்தில் ஒரு ரூபாய்க்கூட இடறாத மனிதருக்கு உங்களால் நேர்ந்தது அது. ஐ.பி. போட்டிருந்தால் முழுக் கடனும் அவர் தலையில் விழுந்திருக்கும்.

பிறகு கார்டு 85,000. தொகை சிறியதாகத் தெரியும், வட்டியோ எல்லாவற்றிலும் கொடியது. முழுதாகக் கட்டிக் கணக்கை மூடுங்கள். தனிநபர் கடன் 2,40,000ஐயும் முடிந்தவரை முழுதாகவே அடையுங்கள். பணம் போதாமல் பேசிக் குறைக்க நேர்ந்தால் எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். பின்னால் வசதி வரும்போது குறைத்த தொகையையும் கட்டினால் "செட்டில்டு" என்பதை "குளோஸ்டு" என்று மாற்றித் தருவீர்களா என்று அப்போதே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். மேலே சொன்ன நான்கும் சேர்ந்து 7,33,000. மிச்சத்தில் சேரும் தவணையும் வரியும் போக நிற்பது உறவினர்களுக்கு. அவர்களுக்கு முழுதாக வராது. அந்த இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து, இந்தத் தாளையே காட்டிக் கெடு கேளுங்கள்.

ஓடாத 5 தறிகளை விற்கலாம், ஆனால் அவை வங்கிக்கு ஈடு. வங்கியின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு தறியைக்கூடப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிடாதீர்கள். குற்ற வழக்கில் முடியும். அனுமதி வாங்கி விற்று, பணத்தை நேரே கடனில் கட்டி, மீதிக்குத் தவணைத் தொகையைக் குறைத்துத் தரச் சொல்லிக் கிளை மேலாளருக்குக் கடிதம் கொடுங்கள். 24,500 என்பது 8 தறி ஓடியபோது போட்ட கணக்கு. 3 தறிக் கூலி அதைத் தாங்காது என்று எண்களோடு எழுதுங்கள். தவணையைத் திருத்தி அமைத்தாலும் அறிக்கையில் ஒரு குறிப்பு ஏறும். ஆனால் மறுபடி தவறுவதைவிட அது மேல்.

ஒவ்வொரு கணக்கு முடியும்போதும் பாக்கியில்லாச் சான்று வாங்கி வையுங்கள். 2025 ஜனவரி முதல் வங்கிகள் குறைந்தது 15 நாளுக்கு ஒரு முறை விவரம் அனுப்ப வேண்டும். ஆகவே ஒரு மாதம் கழித்து அறிக்கையை மறுபடி பாருங்கள். பழைய பாக்கியே நின்றால் அந்தத் தகவல் நிறுவனத்திடம் புகார் பதியுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும். "5,000 கொடுங்கள், ஸ்கோரை ஏற்றித் தருகிறேன்" என்று வருபவர் யாரானாலும் ஏமாற்றுக்காரர்தான். உண்மையாக நடந்ததை யாராலும் அழிக்க முடியாது. புத்தூருக்கு எலும்பு கட்டிக்கொள்ளப் போனவர்களுக்குத் தெரியும், கட்டு அவிழ்க்கும் வரை அந்தக் கையால் பளு தூக்கக் கூடாது. முதல் ஓராண்டு எங்கும் புதுக் கடனுக்கு விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் பதிவாகும், மதிப்பெண்ணை இழுக்கும். அதன் பிறகு வைப்புத் தொகையின் பேரில் தரும் சிறிய கார்டு ஒன்றை வாங்கி, வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்குள் செலவழித்து, மாதாமாதம் முழுதாகக் கட்டிவந்தால் பூச்சியங்கள் மறுபடி வரிசை கட்டும். 36 மாதத்தில் அந்த நான்கு கட்டங்களும் வரிசையின் விளிம்புக்கு வந்துவிடும்.

மகனின் படிப்பைப் பற்றி நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. கல்விக் கடனில் மாணவனோடு பெற்றோரில் ஒருவர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திடுவது வழக்கம். அது தந்தையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் மனைவியின் கடன் வரலாறு தனி, உங்களுடையது தனி. ஒரே வீட்டில் இருப்பதால் இரண்டும் கலப்பதில்லை. அவர் பெயரில் விண்ணப்பியுங்கள். 4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு வங்கிகள் ஈடு கேட்பதில்லை. 2024 நவம்பரில் மத்திய அரசு அனுமதித்த பிரதமர் வித்யாலட்சுமித் திட்டத்தில், பட்டியலில் உள்ள கல்லூரிகளில் இடம் கிடைத்தால் ஈடும் ஜாமீனும் இல்லாமலே கடன் உண்டு. மகன் சேரும் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று இடம் எடுக்கும் முன்பே பாருங்கள். மாணவரின் சிபில் மதிப்பெண் குறைவு என்பதற்காகக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று 2023ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. ஆந்திர வங்கிக் கிளையை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் மறுத்தால் எழுத்தில் காரணம் கேட்டு, அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டலாம்.

ஜெயில் பயத்தைப் பற்றி ஒரே வார்த்தை. உண்மையிலேயே பணமில்லாததால் கட்ட முடியாதவரைச் சிவில் கடனுக்காகச் சிறையில் தள்ள முடியாது. 1980ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அது. வைத்துக்கொண்டே தராமல் ஏய்ப்பவருக்குத்தான் சிறை. மனையை மறைத்தால் நீங்கள் அந்தப் பட்டியலில் போய் நின்றுவிடுவீர்கள்.

வசூல்காரர்கள் இரவில் தொந்தரவு செய்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. செய்தால், காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்க அவர்களுக்கு அனுமதி இல்லை என்பதை நினைவில் வையுங்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இலவசமாக எழுதலாம், தமிழிலேயே எழுதலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை இரண்டு. பள்ளிப்பட்டு மனைக்கு வில்லங்கச் சான்று எடுத்து, பட்டா உங்கள் பெயருக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். 2016 பத்திரத்தோடு நின்றுவிட்டிருந்தால் அதற்கே சில வாரம் பிடிக்கும். பிறகு ஞாயிற்றுக்கிழமை ஏகாம்பரகுப்பத்தில் ரயில் ஏறித் திருத்தணிக்குப் போய் மைத்துனரைப் பாருங்கள். அவர் வருவார் என்று காத்திருக்காதீர்கள். மனையை விற்கப்போவதையும், எந்த மாதத்தில் வங்கிப் பாக்கி அடையும் என்பதையும் தேதியோடு சொல்லுங்கள். பணம் கட்டிய ரசீதின் நகல் ஒன்றை அவருக்கும் கொடுத்துவிடுங்கள். வீட்டுக் கடனுக்கு மறுபடி விண்ணப்பிக்கும்போது அவருக்கு அது தேவைப்படும்.